உவம உருபற்ற புலி: மீமெய்யியல் பெண் எழுத்தும் சல்மாவின் இரவுக் கவிதையும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய மீமெய்யியல் இயக்கத்தோடு தொடர்புடைய பெண் எழுத்தாளர்களின் படைப்புகளில் விலங்கும் இரவும் வீட்டுக்குள் நுழையும் முறையை, திருச்சிராப்பள்ளி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமத்துக் கதை' என்னும் கவிதையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கவிதை 'உடல்மொழி' என்னும் கோணத்திலேயே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அதன் இறுதியில் தோன்றும் புலியை மீமெய்யியல் படிமமாகவும், இடம்பெயர்ந்த குறிஞ்சிக் கருப்பொருளாகவும் ஒருசேர வாசிக்க முடியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: மீமெய்யியல், பெண் கவிதை, சல்மா, லியோனோரா கேரிங்டன், இரவுக்குறி, குறிஞ்சி, நாச்சியார் திருமொழி

முன்னுரை

சர்ரியலிசம் என்னும் சொல்லுக்குத் தமிழில் மீமெய்யியல், மிகை நடப்பியல், அடிமனவியல் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. பெயர் இன்னும் நிலைபெறாமையே இக்கொள்கை தமிழுக்குள் வந்த விதத்தைக் காட்டும். ஓர் இயக்கமாக அன்றி, கவிதை உத்தியாகவே அது இங்கு அறிமுகமானது. அப்துல் ரகுமானின் 'பால்வீதி' (1974) இவ்வுத்தியின் தமிழ் முன்னோடித் தொகுப்பாகச் சுட்டப்படுவது வழக்கம். பிரமிளின் படிமங்களும், 1980களில் பிரம்மராஜன் நடத்திய 'மீட்சி' இதழும் இவ்வரிசையில் அடுத்துப் பேசப்படும். வரிசையில் பெண் பெயர் எதுவும் எளிதில் இடம்பெறுவதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெருகிய பெண் கவிதைக்குத் திறனாய்வு வேறொரு தலைப்பை ஒதுக்கிவைத்திருந்தது. 'உடல்மொழி', 'உடல் அரசியல்' என்னும் அத்தலைப்பின்கீழ்க் கவிதை சொன்ன செய்தி விரிவாகப் பேசப்பட்டது. கவிதை அதைச் சொன்ன முறை பின்னுக்குப் போயிற்று.

இவ்விடுபாடு கலைச்சொல் சிக்கலோடு முடியவில்லை. குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) தொகுப்பு வெளிவந்தபின் எழுந்த கண்டனங்கள் அனைத்தும், கவிதையில் வரும் உடலை அதை எழுதியவரின் உடலாகவே கொண்டன. ஆதரித்து எழுதியோரிலும் பலர் அதே அடிப்படையில் நின்று, அதை ஒப்புதல் வாக்குமூலம் போலப் போற்றினர். அத்தொகுப்பின் தலைப்புக் கவிதையில் உடலுறுப்பு ஒரு நீர்நிலத்தின் இயக்கமாக மாறுகிறது. உடல் நிலமாகவும் நிலம் உடலாகவும் உருத்திரிகின்றன. படிமத்தைப் படிமமாகக் காணும் பயிற்சி பரவலாக இருந்திருப்பின், அவ்வழக்காடலின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

மீமெய்யியலும் பெண்களும்

ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் வெளியிட்ட முதல் அறிக்கை, அறிவின் கட்டுப்பாடின்றி எண்ணத்தின் இயல்பான ஓட்டத்தைப் பதிவதே மீமெய்யியல் என வரையறுத்தது. கனவும் தன்னியக்க எழுத்தும் அதற்கான வழிகள். தொலைவான இரு மெய்ம்மைகளை அருகில் வைப்பதே படிமத்தின் ஆற்றல் என்று பியேர் ரெவெர்தி 1918இல் கூறிய கருத்தையும் அவ்வறிக்கை எடுத்தாண்டது. இயக்கத்தின் தொடக்கக் குழுவில் பெண்களுக்குக் கிடைத்த இடம், எழுதுபவர் என்பதைவிட எழுதத் தூண்டுபவர் என்பதே. பிரெத்தோனின் 'நாஜா' (1928) இதற்குத் தக்க சான்று. நூலுக்குப் பெயர் தந்த பெண் கற்பனைப் பாத்திரம் அல்லர். லியோனா தெல்கூர் என்னும் இயற்பெயர் கொண்டவர். 1927இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்ட அவர் 1941இல் அத்தகையதொரு விடுதியிலேயே இறந்தார். பித்தைக் கவிதையின் ஊற்றாகக் கொண்டாடிய இயக்கத்துக்கு, பித்துற்ற பெண் பயன்பட்ட அளவுக்கு அப்பெண்ணுக்கு இயக்கம் பயன்படவில்லை.

ஆயினும் 1930களிலிருந்து பெண்கள் இவ்வியக்கத்தின் ஓரங்களிலிருந்து எழுதத் தொடங்கினர். பதினான்கு வயதில் கண்டெடுக்கப்பட்ட ஜிசேல் பிராசினோஸ் 'குழந்தைப் பெண்' என்னும் இயக்கத்தின் கற்பனைக்கு வாய்ப்பாக அமைந்தார்; வயது ஏறியபின் அவர்மீதான ஆர்வம் தணிந்தது. கிளோத் காஊன் 1930இல் வெளியிட்ட தன்வரலாற்றுத் துணுக்குகள் 'தான்' என்னும் ஒருமையையே உடைத்தன. மார்த்தினிக் தீவில் 1941 முதல் 1945 வரை வெளிவந்த 'திரோப்பீக்' இதழில் சுசான் செசேர் எழுதிய கட்டுரைகள், மீமெய்யியலைக் குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிரான கருவியாகப் பயன்படுத்தின. பாரிசின் சொத்தாக இருந்த கொள்கை வேற்று நிலத்தில் வேறு பணியைச் செய்ய முடியும் என்பதற்கு அவரே முதன்மைச் சான்று.

இந்தியத் தொடர்பும் ஓரளவு உண்டு. ஓவியரும் எழுத்தாளருமான இதெல் கஹூன் 1906இல் ஷில்லாங்கில் பிறந்தவர். கவிஞர்களான வாலன்டீன் பென்ரோசும் அலிஸ் ராஓனும் 1936இல் இந்தியாவுக்கு வந்தனர். எனினும் அவர்களுக்கு இந்தியா தம் கவிதைக்கு நிறம் தந்த தொலைநிலமே. இந்திய மொழிகளில் எழுதிய பெண்களோடு உரையாடல் எதுவும் அதனால் விளைந்ததாகக் கருத இடமில்லை. ஆகவே தாக்கம், கடன் என்னும் சொற்களைக்கொண்டு இவ்வொப்பீட்டைத் தொடங்க இயலாது. ஒத்த சூழலில் ஒத்த வடிவம் பிறப்பதைக் காண்பதே இங்குப் பொருந்தும்.

கழுதைப்புலியும் புலியும்

லியோனோரா கேரிங்டன் (1917–2011) இங்கிலாந்தின் லங்காஷயரில் செல்வம் மிக்க நெசவாலை உரிமையாளரின் மகளாகப் பிறந்தவர். அக்குடும்பங்களின் வழக்கப்படி 1935இல் அரசவையில் அறிமுகம் செய்யப்பட்டவர். மணச்சந்தையில் பெண்ணை நிறுத்தும் சடங்கு அது. அவ்வனுபவத்திலிருந்து எழுந்த சிறுகதை, மாக்ஸ் எர்ன்ஸ்டின் ஒட்டுப்படங்களோடு 1939இல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்றது. தனக்காக ஏற்பாடு செய்யப்பட்ட நடன விருந்துக்குச் செல்ல விரும்பாத பெண்ணொருத்தி, விலங்குக்காட்சிச் சாலையில் நட்பாகிய கழுதைப்புலியைத் தனக்குப் பதிலாக அனுப்புகிறாள். முகத்தை மறைப்பது எப்படி என்ற சிக்கல் எழுகிறது. பணிப்பெண்ணைக் கொன்று அவள் முகத்தை அணிந்துகொள்ளலாம் எனக் கழுதைப்புலி தீர்வு கூறுகிறது, அவ்வாறே நடக்கிறது. விருந்தில் நாற்றம் காட்டிக்கொடுக்கவே, விலங்கு அம்முகத்தைக் கிழித்துத் தின்றுவிட்டுச் சன்னல் வழியே பாய்ந்து மறைகிறது.

இக்கதையின் ஆற்றல் அதன் நடையில் உள்ளது. வியப்புக் குறிப்பு எதுவும் இல்லை. கழுதைப்புலி பேசுவது, உடையைச் சரிசெய்வதும் தேநீர் அருந்துவதும் போன்ற வீட்டுச் செய்தியாகவே சொல்லப்படுகிறது. 'கனவில்' என்றோ 'போல' என்றோ ஒரு சொல் வந்திருப்பின் கதை சரிந்திருக்கும். பணிப்பெண்ணின் சாவு குறித்துக் கதைசொல்லி காட்டும் அலட்சியமும் கருதத்தக்கது. மேட்டுக்குடிப் பெண்ணின் விடுதலைக்கு யார் முகம் விலையாகிறது என்பதைக் கதை தன்னை அறியாமலோ அறிந்தோ காட்டிவிடுகிறது.

திருச்சிராப்பள்ளியின் தெற்கு விளிம்பில் எடமலைப்பட்டி புதூரைக் கடந்து மதுரை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள ஊர் துவரங்குறிச்சி. 1968இல் அவ்வூரில் பிறந்த சல்மா, பூப்பெய்தியபின் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டவர். மணத்துக்குப் பின்னும் மறைவாகவே எழுதினார். எழுதியவை தாயின் உதவியோடு வெளியுலகை அடைந்தன. 'சல்மா' என்பது அம்மறைவுக்கான புனைபெயர். 2001இல் அவர் பேரூராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டு 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வெளிவந்தது. பின்னர் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) என்னும் நாவலின் பெயருக்கு முன்வடிவமாக அமைந்தது இத்தொகுப்பில் உள்ள 'இரண்டாம் ஜாமத்துக் கதை' என்னும் கவிதை.

மகப்பேற்றுக்குப் பின் தழும்பேறிய வயிறும், அதைக் காணும் கணவனின் வெறுப்பும் அக்கவிதையின் வெளிப்படையான பொருள். தன் உடலில் சுவடு எதுவும் தங்காத ஆணின் வசதியையும் அது சுட்டுகிறது. இதுவரையிலான பகுதி வழக்குரைப்பது போன்ற தெளிவான நடையில் செல்கிறது. 'உடல்மொழி' வாசிப்பு இங்கேயே மனநிறைவு கொண்டுவிடும். ஆனால் கவிதை இங்கு முடியவில்லை. இறுதியில், அதுவரை படத்துக்குள் அமைதியாக இருந்த கதைப்புலி, பேசுபவளின் தலைமாட்டுக்கு வந்து அமர்ந்து உற்றுப் பார்க்கிறது. வாதம் நின்று, விலங்கு வந்துவிட்டது.

இப்புலியைக் கணவனின் உருவகம் எனக் கொள்வது எளிது. அடக்கப்பட்ட விழைவின் உருவகம் எனக் கொள்வது அதைவிட எளிது. இரண்டும் புலியை விரட்டும் வழிகளே. கணவன் கவிதைக்குள் தன் உருவிலேயே இருக்கிறான். அவனுக்கு உருவகம் தேவையில்லை. உருவகத்தில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கும். இங்குப் புலி எதன் இடத்திலும் நிற்கவில்லை. தலைமாடு என்னும் தனக்கான இடத்தில் அமர்ந்திருக்கிறது. கேரிங்டனின் கழுதைப்புலியும் அவ்வாறே. தாயின் கண்டிப்பு, மகளின் சினம் என எதைக் கூறி விளக்கினாலும், விளக்கத்துக்குப் பின்னும் விலங்கின் நாற்றம் அறையில் எஞ்சுகிறது.

யாமமும் தலைமாடும்

தமிழ்க் கவிதை இப்புலியை முதன்முறையாகக் காணவில்லை. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம் என்பது தொல்காப்பிய வரையறை, புலி அந்நிலத்துக்கு உரிய விலங்கு, உரிப்பொருள் புணர்தல். இரவுக்குறிப் பாடல்களில் தலைவன் வரும் மலைவழியின் ஏதமாகப் புலி இடம்பெறும். தலைவி வீட்டுக்குள்ளோ அதன் அருகிலோ காத்திருப்பாள். அஞ்சுவது அவனுக்காக, அச்சத்தின் பொருள் வெளியே, வழியில் உள்ளது. வீடு காவல் மிக்கது என்றாலும் புலி புகாத இடம்.

சல்மாவின் கவிதையில் சிறுபொழுதும் விலங்கும் மாறவில்லை. ஜாமம் என்பது யாமத்தின் வழக்குத் திரிபு. இரண்டாம் ஜாமம் நள்ளிரவைத் தொடும் பொழுது. உரிப்பொருளும் பெயரளவில் மாறவில்லை. கணவனும் மனைவியும் ஓர் அறையில் உள்ளனர். மாறியிருப்பது இடம் ஒன்றே. காதலன் வரும் வழியில் இருந்த ஏதம் மனைவியின் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. அவன் நலமாக உறங்குகிறான். அஞ்சவேண்டியவள் தனக்காகவே அஞ்சவேண்டியிருக்கிறது. கவிஞர் திணை மரபை எண்ணி எழுதினாரா என்பது இங்குத் தேவையற்ற வினா. யாமமும் புலியும் ஒருங்கே வரும் இடத்தில் தமிழ் வாசகரின் செவியில் குறிஞ்சி ஒலிக்காமல் இராது.

உள்ளுறையும் மீமெய்யியல் படிமமும் இங்குச் சந்திப்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளுறையில் கருப்பொருளின் செயல் வழியே கூறாத பொருள் விளங்கும். விளங்குவதற்கான திறவுகோல் மரபில் உள்ளது. ரெவெர்தி கூறிய படிமத்துக்கு அத்தகைய பொதுத் திறவுகோல் இல்லை. சல்மாவின் புலி மரபின் திறவுகோலை வாங்கிக்கொண்டு, அது பொருந்தும் பூட்டை மாற்றிவைக்கிறது. ஐரோப்பிய மீமெய்யியலார் தொலைவான இரு பொருள்களை ஒன்றுசேர்க்க அகராதியெங்கும் அலைய வேண்டியிருந்தது. தமிழில் எழுதுபவருக்கு, நிலமும் பொழுதும் விலங்கும் ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்ட ஒரு முறைமையில் ஒன்றை மட்டும் பெயர்த்தாலே அத்தொலைவு உண்டாகிவிடும்.

இம்மாற்றத்தின் அளவை உணரக் குறுந்தொகையின் 47ஆம் பாடல் துணைசெய்யும். இரவில் வரும் தலைவனுக்கு நிலவு உதவி செய்யவில்லை எனத் தோழி நிலவை நோக்கிக் கூறும் பாடல் அது, பாடியவர் நெடுவெண்ணிலவினார். வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை அங்குப் புலிக்குட்டியாகத் தோற்றமளிக்கிறது. புலி உண்மையில் அங்கில்லை. ஒப்புமை சொல்லால் குறிக்கப்படுவதால், பார்ப்பவர் கண்ணுக்கும் மெய்ம்மைக்கும் இடையிலான கோடு அழியவில்லை. (வேங்கைப் பூக் கொய்யும் மகளிர் 'புலி புலி' எனக் கூவும் பூசலும் இவ்வகை மயக்கத்தையே விளையாட்டாக ஆக்கியது.) மயக்கம் உண்டு, மயக்கத்துக்கு எல்லையும் உண்டு.

அடுத்த படிநிலை திருவரங்கத்தோடு பிணைந்த ஆண்டாளிடம் கிடைக்கிறது. நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியில் தலைவி தன் திருமணத்தைக் கனவாகத் தோழியிடம் உரைக்கிறாள். ஆயிரம் யானைகள் சூழ மணமகன் வருவதில் தொடங்கி, கைத்தலம் பற்றல், தீவலம், அம்மி மிதித்தல் எனச் சடங்குகள் நிரல்பட நிகழ்கின்றன. பயன்கூறும் இறுதிப் பாசுரம் நீங்கலாக ஒவ்வொரு பாசுரமும், இது தான் கண்ட கனவு எனத் தோழியை விளித்துக் கூறி முடிகிறது. மீமெய்யியலைத் தமிழ்ப் பக்தி மரபிலேயே காணவிழைவோர் இப்பதிகத்தைச் சுட்டுவது உண்டு. அது ஏற்புடையதன்று. விலங்குகள் இங்கு ஊர்வலத்தில் ஒழுங்காக நடக்கின்றன. கனவு சடங்கின் வரிசையைச் சிறிதும் குலைக்கவில்லை. கனவு என்னும் அறிவிப்பு மீண்டும் மீண்டும் வருவதால், கேட்பவர் ஒருபோதும் வழி தவறுவதில்லை. ஆயினும் பெண் ஒருத்தி தன் விழைவைக் கனவின் வாயிலாகத் தன்மையிடத்தில் நின்று கூறும் உரிமையைத் தமிழில் நிலைநாட்டியது இப்பதிகம். காவிரிக்கு வடகரையில் பாடப்பெறும் கனவு மணத்தோடு நிறைவுறுகிறது. தென்பகுதியில் எழுதப்பெற்ற கவிதை மணத்துக்கும் மகப்பேற்றுக்கும் பின்னரே தொடங்குகிறது.

குறுந்தொகையில் உவமை, ஆண்டாளிடம் கனவு என்னும் அறிவிப்பு, சல்மாவிடம் இரண்டும் இல்லாமை. விலங்கு வந்தது என்னும் செய்தி மட்டுமே எஞ்சுகிறது. சல்மாவின் மற்றொரு கவிதையில் அறைச் சுவரிலும் சுழலும் மின்விசிறியிலும் மோதி வீழும் வௌவால் வருகிறது. அங்கும் வீட்டுப் பொருள்களின் பட்டியலே விலங்குக்கான நிலமாகிறது. வீடே நிலம் என்றால், அலமாரியும் மின்விசிறியும் கட்டிலின் தலைமாடும் அந்நிலத்தின் கருப்பொருள்கள்.

மறைவும் வடிவமும்

தன்னியக்க எழுத்து என்னும் மீமெய்யியல் வழிமுறை, எழுதுபவருக்கு இடையூறற்ற நேரமும் யாரும் பறித்துப் பார்க்காத தாளும் உண்டு எனக் கருதிக்கொள்கிறது. மனத்தில் வருவதைத் தணிக்கையின்றி எழுதவேண்டுமாயின், முதலில் வெளியில் தணிக்கையாளர் இல்லாதிருக்க வேண்டும். வீட்டார் உறங்கியபின் எழுதி, விடியுமுன் ஒளிக்கவேண்டிய தாளில் அவ்வெழுத்து இயலாது. சல்மாவின் கவிதைகள் குறுகியவை, சொல்லடக்கம் மிக்கவை, பெரும்பகுதி தெளிவான கூற்று நடையில் அமைந்தவை. கனவின் தர்க்கம் அவற்றில் ஒரே ஓர் இடத்தில், பெரும்பாலும் முடிவில், திடீரெனப் புகுந்து நின்றுவிடுகிறது. தன்னியக்க எழுத்தின் பெருக்கை அளவுகோலாகக் கொண்டால் இக்கவிதைகள் மீமெய்யியல் சார்ந்தவை அல்ல என்றே முடிவு செய்ய நேரும். அளவுகோல் யாருடைய அறையில் உருவானது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். கேரிங்டனின் கதையும் தன்னியக்க எழுத்தன்று. இறுக்கமாகத் திட்டமிடப்பட்ட கட்டமைப்பு உடையது.

எகிப்தியக் குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய ஜாய்ஸ் மன்சூரின் (1928–1986) 'கூக்குரல்கள்' என்னும் பொருள்படும் முதல் தொகுப்பு 1953இல் வெளிவந்தது. உடலும் நோயும் சாவும் கலந்த அக்கவிதைகளைப் பிரெத்தோன் குழு ஆர்வத்தோடு வரவேற்றது. அரை நூற்றாண்டுக்குப் பின் தமிழில் வந்த 'முலைகள்' தொகுப்பு எதிர்கொண்டது கண்டனம். வரவேற்பும் கண்டனமும் எதிரெதிர் போலத் தோன்றினும் இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றுண்டு. பெண் எழுதிய உடலை ஒரு படைப்பின் ஆக்கமாகக் கொள்ளாமல், எழுதியவரின் தன்னியல்பான வெளிப்பாடாகவே இரண்டும் கொண்டன. சித்த மருத்துவம் பயின்றவரான குட்டி ரேவதிக்கு உடல் என்பது பார்த்தும் தொட்டும் பயின்ற அறிவுத்துறையும் ஆகும் என்னும் எளிய செய்திகூட அவ்வழக்காடலில் போதிய அளவு நினைக்கப்படவில்லை.

லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் 2012இல் ஒரே தொகுதியில் இடம்பெற்ற மாலதி மைத்ரி, சல்மா, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகிய நால்வரையும் ஒரே இயக்கமாகப் பேசும் பழக்கம் உண்டு. படிம ஆக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் ஒத்தவர் அல்லர். குட்டி ரேவதியிடம் உடல் நிலமாகிறது. மாலதி மைத்ரியின் 'நீலி' (2005) தொன்மப் பேயுருவைப் பெயராலேயே மீட்கிறது. அதன் மரபு காரைக்காற்பேய் எனத் தன்னை அழைத்துக்கொண்ட அம்மையார் வரை நீளும். விலங்கும் இரவும் வெளிப்படையாகச் சேர்ந்து மீண்டும் வருவது சுகிர்தராணியிடம். 2004இல் வெளிவந்த அவரது தொகுப்பின் பெயரே 'இரவு மிருகம்'. சல்மாவின் புலி படத்திலிருந்து இறங்கி அறைக்குள் வந்தது. அது பார்க்கிறது, பெண் பார்க்கப்படுகிறாள். சுகிர்தராணியின் மிருகத்துக்கு அத்தகைய புறவழி தேவைப்படவில்லை. பேசுபவளுக்கும் அதற்கும் இடையில் தலைமாட்டின் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. நான்கு ஆண்டுகளில் விலங்கு கடந்த இத்தொலைவை, தொகுப்புகளின் கால வரிசையில் வைத்துக் கவிதை கவிதையாகப் பின்தொடர்வது தனி ஆய்வுக்கு உரியது.